உத்தியோகம் மாறும்போது: அரசபணி நீங்கிய மலையகத்தாரின் காரியாலய வாழ்வு பற்றிய ஓர் ஆராய்ச்சி

அரசாங்க உத்தியோகத்தை விட்டு விலகிக் கம்பெனிக் காரியாலயம் ஒன்றிலே புதிதாக அமர்வது கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு குடும்பத்தின் சொந்த விஷயமாக முடிந்துவிடலாம். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் அது அவ்வாறு முடிவதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தோட்ட வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலே பேர் கொடுத்து வாழ்ந்த வமிசமொன்றில் முதன்முதலாக ஒருவர் ஆசிரியராகவோ பிரதேச செயலகத்தின் முகாமைத்துவ உதவியாளராகவோ தபாற்கந்தோர் உத்தியோகத்தராகவோ நியமனம் பெறும்போது, அந்த நியமனக் கடிதம் அவருடைய பெற்றோர்க்கு மாத்திரமன்றி அவர் குடியிருக்கும் தொடர்வீட்டு லயத்தார் அனைவருக்கும் உரிய கௌரவப் பத்திரமாகவே கருதப்படுகிறது. ஆதலின் அதனைத் துறந்து செல்பவரை நோக்கி, ‘கையிலே கிடைத்த அரசாங்க வேலையை விடுவார்களா?’ என்று எழும் வினாவும் ஒருவருடைய வினாவாக இராமல் ஊரின் வினாவாகவே எழுகிறது.

இவ்வாறு விலகுகிறவர்கள் யார், அவர்களை விலகச் செய்யும் காரணங்கள் எவை, புதிய காரியாலயத்திலே அவர்களுக்கு நேரும் மாறுதல்கள் எத்தகையன, அம்மாறுதல்களுக்கு இணங்கும்போது அவர்கள் எதனைக் கைவிடல் தகும், எதனைக் கைவிடலாகாது என்னும் விஷயங்களை வரலாற்று ரீதியாகவும் சட்ட ரீதியாகவும் தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசபணி மலையகத்தை வந்தடைந்த வரலாறு

ஒரு பதவியை இழப்பதன் பாரத்தை அறிய வேண்டுமாயின், அப்பதவியை அடைவதற்குச் செலவான காலத்தை முதலில் அறிதல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், அதனையடுத்து 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டமும் தோட்டத் தொழிலாளரின் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கின. நாடற்ற ஒருவர் இலங்கை அரசின் உத்தியோகத்தராதல் இயலாது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே கைச்சாத்திடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களை இரு தேசங்களுக்குமிடையே பங்கிட முற்பட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியவராக்கி, எஞ்சிய 150,000 பேரின் விதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. 1988இலும் 2003இலும் நிறைவேறிய சட்டங்களே இப்பிரச்சினையை முடிவுக்குக் கொணர்ந்தன. எனவே, நாட்டின் ஏனைய பகுதிகளில் அரச உத்தியோகம் மூன்று நான்கு தலைமுறைகளின் சாதாரண அநுபவமாயிருந்த காலத்திலே, மலைநாட்டிலே அது பெரும்பாலோர்க்குக் கதவடைத்த ஒரு வீடாகவே இருந்தது.

அக்கதவு திறந்தது பாடசாலையின் வழியாகவே. தோட்ட நிருவாகங்களின் கீழ் ஒற்றை அறையும் ஒற்றை ஆசிரியருமாக இயங்கிவந்த தோட்டப் பாடசாலைகள் 1977 முதலாகக் கட்டம் கட்டமாக அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. சுவீடன் தேசத்தின் உதவியும் ஜெர்மனியின் உதவியும் கிடைத்தன. கொட்டகலைக்கு அண்மையிலுள்ள பத்தனையிலே ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தோட்டத்திலேயே பிறந்த இளைஞரும் யுவதிகளும் ஆசிரியராக நியமனம் பெற்றார்கள். லயத்திலிருந்து புறப்பட்டு அரசாங்கச் சம்பளப் பட்டியலில் இடம்பெற்ற முதற் பெருந்தொகையினர் இவர்களே. 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தமும் 1988இல் வந்த பதினாறாம் திருத்தமும் தமிழுக்கு அரசகரும மொழியென்னும் அந்தஸ்தையும் நிருவாக மொழியென்னும் பயன்பாட்டையும் வழங்கின. 1999இல் நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாக வர்த்தமானி மூலம் பிரகடனப்படுத்தப்பட்டன. தமிழில் எழுதவும் வாசிக்கவும் வல்ல உத்தியோகத்தர் தேவைப்பட்டனர். மலையகத்துப் பட்டதாரிகள் சிலர் அவ்விடங்களை அடைந்தனர். இவ்வளவு தாமதமாக வந்த பேறாதலால், அதை விடுவோரை ஊர் ஐயத்தோடு நோக்குவதில் வியப்பில்லை.

விலகலின் நால்வகை

அரசபணியிலிருந்து நீங்கியோர் யாவரையும் ஓரினமாகக் கொள்ளுதல் தவறான முடிவுகளுக்கே இட்டுச்செல்லும். இலங்கையின் அநுபவத்தை நோக்குமிடத்து நான்கு வகையினரைப் பிரித்தறியலாம்.

முதல் வகையினர் வெளியேறும்படி நிர்ப்பந்திக்கப்பட்டவர்கள். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தின் விளைவாக, சிங்களத் தேர்ச்சி பெறாத தமிழ் உத்தியோகத்தர்களின் வருடாந்தச் சம்பளவேற்றம் தடைப்பட்டது; பதவியுயர்வின் வழி அடைபட்டது; பலர் காலத்துக்கு முன்னரே ஓய்வுபெற்று வேறு தொழில் நாடினர். கேகாலைக் கச்சேரியிலே எழுதுவினைஞராகக் கடமையாற்றிய கோடீஸ்வரன் அப்பரீட்சைக்குத் தோற்ற மறுத்துத் தமது சம்பளவேற்றத்துக்காக நீதிமன்றம் சென்றதும், 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்ததும், 1967இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியதும், 1969இல் இலண்டன் கோமறைக் கழகம் உயர் நீதிமன்றத்தின் முடிவைத் தள்ளியதும் அக்காலத்தின் மறக்கத்தகாத நிகழ்ச்சிகள். இவ்வகையினர் புதிய காரியாலயத்துக்குக் கொண்டுசென்றது தொழில் அநுபவத்தை மாத்திரமன்று. தாம் சேவித்த அரசே தம்மைப் புறந்தள்ளியது என்னும் மனப்புண்ணையுந்தான்.

இரண்டாம் வகையினர் மலையகத்துக்கே சிறப்பாக உரியவர்கள். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிகளையும், 1975இல் வந்த திருத்தம் பிரித்தானியாவிற் பதிவான ஸ்டேர்லிங் கம்பெனிகளினதும் உள்நாட்டிற் பதிவான ரூபாய்க் கம்பெனிகளினதும் தோட்டங்களையும் அரசுடைமையாக்கின. அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும், ஜனவசம என்று மக்கள் வழங்கிய மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அவற்றை நிருவகித்தன. 1992இலே ஏறத்தாழ 450 தோட்டங்களின் நிருவாகம் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1995 முதலாக அக்கம்பெனிகளின் பெரும்பான்மைப் பங்குகள் விற்கப்பட்டன. நிலம் நீண்டகாலக் குத்தகையில் அவற்றின் கைக்குச் சென்றது. தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா, வட்டவளை, அக்கரப்பத்தனை என்னும் ஊர்ப்பெயர்கள் கம்பெனிப் பெயர்களாயின. 1970ஐ அண்டி ஒரு தோட்டக் கந்தோரிலே சின்னக் கிளாக்கராகச் சேர்ந்து முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்து இளைப்பாறிய ஒருவர், ஒரே மேசையின் முன் அமர்ந்தவாறே வெள்ளைக்காரக் கம்பெனியின் ஊழியராகவும் அரச கூட்டுத்தாபனத்தின் ஊழியராகவும் மீண்டும் கம்பெனி ஊழியராகவும் மாறியிருக்கிறார். அவர் அரசை விட்டு விலகவில்லை. அரசே அவரை விட்டு விலகியது. இவர்கள் ஓய்வூதியமுடைய உத்தியோகத்தரல்லர், சேமலாப நிதிக்கு உரியவரே என்னும் வேறுபாடு உண்டெனினும், சுற்றுநிருபத்தாலும் மேலிட அனுமதியாலும் நடைபெற்ற நிருவாகத்திலிருந்து இலாபநட்டக் கணக்கால் நடைபெறும் நிருவாகத்துக்கு ஒரே நாளில் மாற நேர்ந்த பெருந்திரளினர் இவர்களே.

மூன்றாம் வகையினர் தாமே விரும்பி விலகுவோர். 1990ஆம் ஆண்டின் 44/90 இலக்கச் சுற்றுநிருபம் அரச சேவையைச் சுருக்கும் பொருட்டு ஓய்வு பெறுவோர்க்குச் சலுகைகள் வழங்கியபோது பலர் வெளியேறினர். பொருளாதார நெருக்கடி முற்றிய 2022ஆம் ஆண்டிலே, 14/2022 இலக்கச் சுற்றுநிருபம் அரச உத்தியோகத்தர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் சென்று வேறிடத்தில் உழைக்க இடமளித்தது. சேவை மூப்பும் ஓய்வூதிய உரிமையும் பாதிக்கப்படா என்ற உறுதியும் கூடவே தரப்பட்டது. அண்டை நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சியுண்டு: இந்தியாவின் பி.எஸ்.என்.எல். என்னும் அரச தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்து 2020 ஜனவரி இறுதியிலே ஏறத்தாழ 78,000 ஊழியர் விருப்ப ஓய்வுத் திட்டத்தின் கீழ் ஒருசேர விடைபெற்றனர்.

நான்காம் வகையினர் வயதெல்லையால் ஓய்வுபெற்ற பின்னர் மீண்டும் வேலைக்குச் செல்பவர்கள். ஓய்வூதியம் வீட்டுச் செலவுக்குப் போதாமையாலும், உடலிலே வலுவும் உள்ளத்திலே ஊக்கமும் எஞ்சியிருப்பதாலும் ஹட்டன் நகரத்து நிதிக் கம்பெனியிலோ தனியார் கல்வி நிலையத்தின் காரியாலயத்திலோ தொண்டு நிறுவனமொன்றிலோ அவர்கள் அமர்கிறார்கள். முப்பது வருடம் அதிபராயிருந்தவர், தம்முடைய மாணவனின் வயதினனான முகாமையாளருக்குத் தினசரி அறிக்கை கொடுக்கும் நிலை இங்கேதான் நேர்கிறது.

மாறுவன எவை

முதலாவதாக மாறுவது முதுமையின் ஆதாரம். அரச உத்தியோகத்தரின் ஓய்வூதியம் உயிருள்ளவரை மாதந்தோறும் வருவது. துணைவரையும் தொடர்ந்து காப்பது. ஆயினும் உரிய நிபந்தனையின்றி இராஜினாமாச் செய்பவர் அவ்வுரிமையை இழக்கிறார். தனியார் துறையிலே 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் நூற்றுக்கு எட்டும் முதலாளி நூற்றுக்குப் பன்னிரண்டும் செலுத்த வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி நூற்றுக்கு மூன்று செலுத்த வேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் ஐந்து வருடச் சேவை நிறைவுற்ற மாதச் சம்பளக்காரருக்கு வருடமொன்றுக்கு அரைமாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை வழங்குகிறது. இவை யாவும் கைக்கு ஒருமுறை வரும் தொகைகள். மாதந்தோறும் வரும் பணத்தைச் செலவிடும் பழக்கமும் ஒருமுறை வரும் பெருந்தொகையைப் பாதுகாக்கும் பழக்கமும் வெவ்வேறானவை. ஐம்பத்தைந்து வயதிலே சேமலாப நிதியைப் பெற்று, வீடு திருத்தியும் பிள்ளையின் கல்யாணம் நடத்தியும் ஓரிரு வருடத்தில் வெறுங்கையாய் நின்றவர்களைத் தோட்டப்புறத்தில் எங்கும் காணலாம். ஆகையால் அரசபணியை விட எண்ணுவோர் சம்பள வித்தியாசத்தை மாத்திரம் கணக்கிடாது, அந்த வித்தியாசத்திலிருந்து தமது முதுமைக்குத் தாமே ஓய்வூதியம் அமைத்துக்கொள்ளக் கூடுமா என்பதையும் கணக்கிடுதல் வேண்டும்.

இரண்டாவதாக மாறுவது காலத்தின் ஒழுங்கு. பாடசாலை பிற்பகல் ஒன்றரை மணிக்கு விடுகிறது. அரச காரியாலயம் நாலேகால் மணிக்கு மூடுகிறது. சமயோசித லீவு இருபத்தொரு நாளும் ஓய்வு லீவு இருபத்துநான்கு நாளும் அரச உத்தியோகத்தருக்கு உண்டு. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டமோ வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி வேலையையும் வருடத்துக்குப் பதினான்கு நாள் விடுமுறையையும் ஏழு நாள் சமயோசித லீவையுமே விதிக்கிறது. மழைக்காலத்து மாலைகளிலே பனிமூட்டம் இறங்கி மலைப்பாதையில் பேருந்துகள் அருகிவிடும் இப்பிரதேசத்திலே, வேலை முடியும் நேரம் ஒன்றிரண்டு மணி பிந்துவது குடும்பத்தின் தினசரியையே மாற்றிவிடும். ஆசிரியையாயிருந்து வங்கிக் கிளைக்கோ கம்பெனிக்கோ மாறிய பெண்ணுக்கு இம்மாற்றம் இரட்டைச் சுமையாகிறது. மாலையிலே விறகும் தண்ணீரும் பிள்ளையின் பாடமும் அவளுக்காகவே காத்திருக்கின்றன. அச்சுமையை வீட்டார் பகிர்ந்துகொண்டாலன்றி, அவள் திறமை எத்துணையதாயினும் புதிய உத்தியோகத்தில் நிலைத்தல் அரிது.

மூன்றாவதாக மாறுவது தீர்மானத்தின் அடிப்படை. அரச காரியாலயத்திலே தாபன விதிக்கோவையும் நிதிப் பிரமாணங்களும் சுற்றுநிருபங்களுமே உத்தியோகத்தருக்குக் கவசமாகின்றன. விதிப்படி செய்தவருக்குக் காரியம் கைகூடாவிடினும் குற்றமில்லை. விதியை மீறியவருக்குக் காரியம் சித்தித்தாலும் விசாரணையுண்டு. கம்பெனியிலே நிலைமை வேறு. கொழும்புத் தேயிலை ஏலத்திலே வாரந்தோறும் நிர்ணயமாகும் விலையும், ஒரு கிலோ தேயிலைக்கு ஆகும் உற்பத்திச் செலவும், மாத மதிப்பீட்டுக்கும் நடந்ததற்குமுள்ள வித்தியாசமுமே அங்கு ஒருவரை அளக்கும் கோல்கள். விதிப்படி நடந்தேன் என்னும் விடை அங்கே பாதி விடையாகவே கொள்ளப்படுகிறது. புதிதாக வந்தவரை மிகவும் களைப்படையச் செய்வது இம்மாற்றமே. ஏனெனில் வேலையின் அளவைவிட, கேட்கப்படாத காரியத்தையும் தாமாக முன்வந்து செய்யவேண்டும் என்ற எதிர்பார்ப்பே அவருக்கு அந்நியமானது.

நான்காவதாக மாறுவன மொழியும் மரியாதையும். தமிழிலும் சிங்களத்திலும் கோப்பு நடத்திய ஒருவர், கம்பெனியின் தலைமைக் காரியாலயத்தோடு ஆங்கிலத்தில் கடிதத் தொடர்பு கொள்ள நேர்கிறது. அரச காரியாலயத்தில் சேவை மூப்பினால் வந்த வணக்கம் இங்கே தானாக வருவதில்லை. ஊரிலே ‘சேர்’ என்றும் ‘டீச்சர்’ என்றும் அழைத்த வாய்கள் அப்படியே அழைக்கும். காரியாலயத்துக்குள் மாத்திரம் அவர் மறுபடியும் புதியவர். இவ்விருமையைத் தாங்குவதற்கு மனோதிடம் வேண்டும்.

ஐந்தாவதாக, தோட்டத்துக்கே உரியதொரு விஷயம் வீடு. தோட்டக் கந்தோர் உத்தியோகத்தரின் விடுதி அவருடைய பதவியோடு பிணைந்தது. பதவி நீங்கினால் விடுதியும் நீங்கும். அரச சேவையில் இடமாற்றம் உண்டெனினும் சொந்த ஊரிலே குடியிருக்கத் தடையில்லை. தோட்ட வேலைக்கு மாறுகிறவர் முதல் நாளிலேயே, இளைப்பாறும் நாளில் எங்கே குடியிருப்பது என்று எண்ணவேண்டியவராகிறார்.

இரு அபிப்பிராயங்களும் அவற்றின் குறைபாடும்

இவ்விஷயத்தில் எதிரெதிரான இரு அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. அரசபணியில் ஊறியவர் சோம்பலுக்கும் காலதாமதத்துக்கும் பழகியவராதலால் தனியார் காரியாலயத்துக்கு உதவார் என்பது முதலாவது. கம்பெனி வேலை மனிதனைப் பிழிந்தெடுத்துப் பின் எறிந்துவிடுவதாதலால் மானமுள்ள ஒருவர் அரசபணியை விட்டு அங்கே செல்லலாகாது என்பது இரண்டாவது.

முதலாவது அபிப்பிராயம், காலதாமதத்தின் காரணத்தை மனிதரின் சுபாவத்தில் தேடுகிறது. பணியகங்களின் அமைப்பை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் மக்ஸ் வெபர், எழுத்துமூலமான ஆவணமும் வரையறுத்த அதிகாரமும் பதவிப் படிநிலையும் ஆள்பார்த்து மாறாத விதியுமே நவீன அரச நிருவாகத்தின் இலட்சணங்கள் என்று காட்டினார். பொதுப்பணத்தைச் செலவிடுபவர் இரண்டு கையொப்பம் பெறுவது தாமதந்தான். ஆனால் அத்தாமதம் திருட்டைத் தடுக்கும் பொருட்டு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. அந்த ஒழுங்குக்குள் முப்பது வருடம் பிழையின்றி உழைத்தவரைச் சோம்பர் என்பது நியாயமாகாது. வேறோர் ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தால் அதையும் அவ்வாறே பிழையின்றிக் கற்பார் என்று எண்ணுவதற்கே காரணமுண்டு.

இரண்டாவது அபிப்பிராயம் தனியார் ஊழியரைப் பாதுகாப்பற்றவர் என்று கொள்கிறது. சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் வழிவந்த தொழில் நியாய சபைகள் வேலைநீக்கத்தின் நியாயத்தை விசாரிக்கின்றன. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஊழியரை நீக்குவதற்குத் தொழில் ஆணையாளரின் சம்மதத்தையோ ஊழியரின் சம்மதத்தையோ வேண்டுகிறது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையிலும் அறுபது வயதுக்கு முன் ஓய்வுபெறச் செய்தலைத் தடுக்கிறது. தோட்ட உத்தியோகத்தருக்குத் தொழிற்சங்கமும் கூட்டு ஒப்பந்தமும் உண்டு. அரசபணியிலிருந்து வருபவர் இவற்றை வாசித்தறிய வேண்டும். அரச உத்தியோகத்தில் உரிமை தானாக வந்தது, இங்கே உரிமையை அறிந்தவருக்கே அது பயன்படும்.

மூவரின் அநுபவம்

அரசபணி துறந்து வேறு பணியிலே சிறந்தோர் இலங்கையின் வரலாற்றில் உண்டு. அவர்களுள் மூவரின் அநுபவம் நமது ஆராய்ச்சிக்கு வெளிச்சம் தருவது.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1875இலே போட்டிப் பரீட்சையின் மூலம் சிவில் சேவையிற் புகுந்த முதலாவது இலங்கையர், பதிவாளர் நாயகமாயிருந்தவர், 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை நடத்தியவர். 1913இல் ஓய்வுபெற்ற அவர் வீட்டிலே இளைப்பாறாமல் 1915இலே சமூக சேவைக் கழகத்தையும், 1919இலே பெரி. சுந்தரம் செயலாளராகத் துணைநிற்கத் தொழிலாளர் நலவுரிமைக் கழகத்தையும் நிறுவித் தோட்டத் தொழிலாளரின் துயரைப் பகிரங்கத்துக்குக் கொணர்ந்தார். கடன்பட்ட தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணித்த துண்டு முறை 1921இலே ஒழிந்தது. அவருடைய வாதங்களின் வலிமை யாது? பதிவேடுகளையும் புள்ளிவிவரங்களையும் ஆயுள் முழுவதும் பரிசீலித்த அரச உத்தியோகத்தரின் பயிற்சியே அது. உணர்ச்சியோடு ஆவணமும் சேர்ந்தமையாலேயே ஆட்சியாளர் அவர் சொல்லைத் தட்டிக்கழிக்க இயலாதவராயினர்.

ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் சில வருடம் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராயிருந்தவர். கல்லையும் மண்ணையும் ஆராய மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்தபோது கண்ட கைவினைகளே அவருடைய வாழ்க்கையைத் திருப்பின. 1908இலே கண்டியக் கைவினைக் கலைகளைப் பற்றிய பெருநூல் வெளிவந்தது. 1917 முதல் 1947இல் மறையும்வரை அவர் பொஸ்தன் நுண்கலைக் காட்சிச்சாலையில் கடமையாற்றினார். கனிப்பொருள்களை வகைப்படுத்திய விஞ்ஞானியின் கண்ணே அங்கு சிற்பங்களையும் ஓவியங்களையும் வகைப்படுத்தியது.

ஆங்கிலேயரான லெனாட் வுல்ஃப் 1904இன் இறுதியில் இலங்கை வந்து யாழ்ப்பாணத்திலும் பின்னர் கண்டிக் கச்சேரியிலும் பணியாற்றி, அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்து, 1912இலே சிவில் சேவையைத் துறந்தார். 1917இலே மனைவி வேர்ஜீனியாவுடன் அவர் தொடங்கிய ஹோகார்த் பதிப்பகம் சிறியதோர் அச்சுப்பொறியோடு ஆரம்பித்து உலகறிந்த நிறுவனமாக வளர்ந்தது. கச்சேரியில் ஒவ்வொரு கடிதத்துக்கும் தாமதமின்றிப் பதில் எழுதப் பழகிய கை, பதிப்பகத்தின் கணக்கேடுகளையும் அதே கண்டிப்போடு எழுதியது.

இவர்கள் வசதியும் கல்வியும் படைத்தோர். ஹட்டனில் ஆசிரியப் பதவியை விட்டுக் கம்பெனியில் சேர்பவரின் நிலைமை வேறு என்பது மெய்யே. ஆயினும் மூவரிடத்தும் பொதுவாய் விளங்கும் உண்மை எளியவருக்கும் உரியது: புதிய பணியில் அவர்களை உயர்த்தியது பழைய பணியில் பெற்ற பயிற்சியே.

தோட்டக் கந்தோரில் எழுத்தின் பொறுப்பு

அப்பயிற்சி தோட்டக் கந்தோரைப் போல் வேறெங்கும் பயன்படுமோ என்பது ஐயம். தொழிலாளியின் வாழ்வு முழுவதும் அக்கந்தோரின் ஏடுகளிலே எழுதப்படுகிறது. செக்ரோல் எனும் நாட்கூலிப் பதிவேட்டில் ஒரு நாள் பேர் விடுபட்டால் அந்நாளின் கூலி போகிறது. கொழுந்தின் நிறையை ஒரு கிலோ குறைத்தெழுதினால் அவ்வுழைப்பு போகிறது. செக்ரோலில் ராமாயி, சேமலாப நிதிப் பதிவில் இராமாயி அம்மாள், தேசிய அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னொட்டிய வேறொரு வடிவம், பிறப்புச் சான்றிதழே இல்லை என்ற நிலையிலே, முப்பது நாற்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு தாய் தனது சேமலாப நிதியைப் பெறச் சத்தியக் கடதாசியும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்பத்திரமும் தேடி மாதக்கணக்காக அலைகிறாள். யாரோ ஒருவர் என்றோ ஒருநாள் பெயரைக் கவனமின்றி எழுதியதன் பயன் அது.

பிரதேச செயலகத்திலோ பாடசாலையிலோ பணியாற்றிய ஒருவர் இதன் மறுபக்கத்தைக் கண்டவர். ஓரெழுத்து வேறுபட்டதனால் திருப்பியனுப்பப்பட்ட விண்ணப்பங்களை அவர் அறிவார். பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்கப் பட்ட பாட்டை அவர் அறிவார். அவர் கம்பெனிக் கந்தோரில் அமரும்போது, பதிவேட்டின் ஒவ்வொரு பெயரையும் அடையாள அட்டையோடு ஒப்புநோக்கித் திருத்துவாராயின், அதற்காக அவருக்குத் தலைமைக் காரியாலயம் புகழுரை எழுதாவிடினும், பல முதியோரின் கடைசிக் காலம் அதனால் நேராகும். அவ்வாறே, வரிசையில் நிற்பவர் கங்காணியின் உறவினரா, எந்தச் சங்கத்தின் அங்கத்தவர் என்று பாராமல் வந்த முறைப்படி காரியம் செய்யும் பழக்கம் அரசபணியின் மிகச் சிறந்த தர்மம். அந்தத் தர்மத்தை எல்லா அரச உத்தியோகத்தரும் காத்தார்கள் என்று கூறுவதற்கில்லை. காத்தவர் அதைத் தனியார் துறைக்குப் போகும்போது கழற்றிவைக்கலாகாது என்பதே கூறவேண்டுவது.

கைவிட வேண்டியனவும் உண்டு. மேலிடத்து உத்தரவு வரும்வரை காத்திருத்தல், இது என் மேசையின் வேலையன்று என்று கோப்பை நகர்த்துதல், சேவைக்காலத்தையே தகுதியாக எண்ணுதல் ஆகியன புதிய காரியாலயத்துக்குப் பொருந்தா. சொல்லப்போனால் பழைய காரியாலயத்துக்கும் அவை அழகு செய்யவில்லை. கணினியில் செக்ரோலும் கணக்கும் நடைபெறும் இக்காலத்திலே இளையவரிடம் கேட்டுக் கற்பதற்கு வயது தடையாகலாகாது. ஆங்கிலத்தை, நாளொன்றுக்கு ஒரு கடிதமாயினும் தாமே எழுதிப் பழகுதல் வேண்டும். முதல் ஆறு மாதம் தவறுகள் நேரும் காலம் என்று தாமும் ஏற்று வீட்டாரையும் ஏற்கச் செய்தல் நலம்.

பிறருடைய கடமைகள்

இணங்கிப்போதல் வந்தவரின் கடமை மாத்திரமன்று. அரச சேவையிலே புதியவருக்கு மூன்று வருடத் தகுதிகாண் காலம் உண்டு; கம்பெனிகளில் அது பெரும்பாலும் ஆறு மாதமே. அந்த ஆறு மாதத்துக்குள் ஒருவரை அளக்க முற்படும் நிறுவனம், எந்தக் கோலால் அளக்கிறது என்பதையாவது அவருக்கு முன்கூட்டியே எழுத்தில் தருதல் வேண்டும். அரசபணியிலிருந்து வந்தவரின் ஆவணப் பயிற்சியைத் தாமதமென இகழாமல், ஊழியர் பதிவேடு, சேமலாப நிதி, விபத்து இழப்பீடு ஆகிய பகுதிகளை அவரிடம் ஒப்படைப்பது நிறுவனத்துக்கே நன்மை தரும். தோட்ட உத்தியோகத்தர் சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையோடு நில்லாது, புதிதாக வருவோர்க்குத் தொழிற்சட்டங்களை விளக்கும் வகுப்புகளையும் நடத்தலாம். அரசும், ஐந்து வருட லீவில் சென்றவர் திரும்பி வரும்போது, வெளியிலே அவர் கற்ற வேகத்தையும் கணக்கறிவையும் பயன்படுத்தும் வழியை யோசித்தல் வேண்டும். அவரைப் பழைய மேசைக்கே அனுப்பிப் பழைய கோப்பையே கொடுப்பது இருதரப்புக்கும் நட்டம்.

ஊருக்கும் ஒரு கடமையுண்டு. அரச உத்தியோகம் மலையகத்துக்கு உரிமையின் அடையாளமாக வந்தது. அடையாளத்தின் அருமை கருதி அதையே ஒருவரின் ஆயுட்காலக் கடனாக்கிவிடலாகாது. அரைநூற்றாண்டுக்கு மேலாகப் பிரஜாவுரிமைக்குப் போராடிய சமூகத்தின் பிள்ளை, கிடைத்த உத்தியோகத்தில் இருக்கவும் அதை விட்டு வேறொன்றைத் தெரிந்தெடுக்கவும் சுதந்திரமுடையவராயிருப்பதே அப்போராட்டத்தின் முழுப் பயனாகும். தெரிந்தெடுக்கும் அந்தச் சுதந்திரத்தோடு ஒரு பொறுப்பும் வருகிறது. சம்பளம் அரசாங்கத் திறைசேரியிலிருந்து வந்தாலும் கம்பெனியின் வங்கிக் கணக்கிலிருந்து வந்தாலும், மலையகத்துக் காரியாலயத்தின் யன்னலுக்கு வெளியே கையில் ஒரு கடதாசியோடு நிற்பவர் அதே தொழிலாளிதான். அவருக்கு விளங்கும் மொழியில் விடை கூறி, அவர் பெயரைப் பிழையின்றி எழுதி, அவருக்குரியதை உரிய நாளில் கிடைக்கச் செய்பவர் எந்தக் காரியாலயத்தில் அமர்ந்திருந்தாலும் பொதுச்சேவையிலேயே இருக்கிறார். அரசபணியை விட்டு நீங்குவோர் தம்மோடு எடுத்துச்செல்ல வேண்டிய முதற்பொருள் அந்தச் சேவை மனப்பான்மையே என்பது இவ்வாராய்ச்சியின் முடிபாகும்.